முன்னியின் எடை

மொழிபெயர்ப்பாளனுக்குச் சில சொற்கள் பழைய செருப்பைப் போல. குனிந்து பார்க்காமலே காலை நுழைத்துவிடலாம். ஆங்கிலச் செய்தியில் 'கினி பிக்' என்று வந்தால் என் கை தானாகவே 'சோதனை எலி' என்று எழுதிவிடும். "ஏழைகள் என்ன சோதனை எலிகளா?" என்று எதிர்க்கட்சித் தலைவர் கேட்பார். புதிய பாடத்திட்டம் வந்தால் பெற்றோர் கேட்பார்கள். புதிய வரி வந்தால் வணிகர்கள் கேட்பார்கள். இருபது ஆண்டுகளாக இந்தக் கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் மூச்சு விடுகிற ஒரு பிராணி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் அவசியம் 2023 ஜனவரியில்தான் வந்தது.

கினிப் பன்றி என்ற பெயரே ஒரு விபத்து. அதன் ஊர் ஆப்பிரிக்காவின் கினி அல்ல. பன்றிக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வீட்டில் வளர்க்கத் தொடங்கிய கொறிக்கும் பிராணி அது. அங்கே அதன் பெயர் 'கூய்'. பெருவிலும் எக்வடாரிலும் இன்றும் விருந்துக்கான இறைச்சி. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனதும் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஜெர்மானியர்களுக்கு அது குட்டிக் கடல்பன்றி. பிரெஞ்சுக்காரர்களுக்கு 'இந்தியாவின் பன்றி'. கொலம்பஸ் தான் போய்ச் சேர்ந்த கரையை இந்தியா என்று நினைத்ததன் மிச்சம் இது. 1758ல் லின்னேயஸ் வைத்த லத்தீன் பெயரிலும் குட்டிப் பன்றி ஒட்டிக்கொண்டது. தமிழில் சீமைப் பெருச்சாளி என்றும் சொல்வதுண்டு. கடல் கடந்து வந்த எதற்கும் 'சீமை' சேர்ப்பது நம் வழக்கம். சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு வரிசையில் இதுவும் சேர்ந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு வந்ததன் பெயர் முன்னி. தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். மனைவி மத்திய அரசு ஊழியர். நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிறவன் என்பதால் பகல் நேரத்து வீட்டுக் காவலும் நான்தான். கீழ் வீட்டில் இருந்தவர்கள் கான்பூர்க்காரர்கள். அவருக்குக் குவாஹாட்டிக்கு மாற்றல் வந்தது. அவ்வளவு தூரம் கினிப் பன்றியைக் கொண்டுபோக வழி தெரியவில்லை. அவர்களுடைய பத்து வயது மகனும் என் பதினோரு வயது மகளும் சேர்ந்து ஏற்கெனவே ஒரு முடிவெடுத்துவிட்டு, அனுமதி கேட்பதற்காக என் மேசை முன்னால் வந்து நின்றார்கள். "அங்கிள், முன்னி உங்க வீட்ல இருக்கட்டுமா?" என்று பையன் இந்தியில் கேட்டான். பொங்கலுக்கு முந்தைய நாள் கூண்டு மேலே வந்தது.

வரும்போதே முன்னி சரியாக இல்லை. பழுப்பும் வெள்ளையுமான அதன் மயிர் சிலிர்த்து நின்றது. மூலையில் குன்றி உட்கார்ந்திருந்தது. கீழ் வீட்டில் அதற்குப் பாசத்துக்குக் குறைவில்லை. ரொட்டித் துண்டு, பிஸ்கட், பறவைகளுக்குப் போடும் தானியம் என்று தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுத்து வளர்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் தொட்டாலே கீச்சிட்டு அழுதது. பின்னங்காலை இழுத்து நடந்தது. காய்கறிக்காரர் கொசுறாகத் தந்த கொத்தமல்லியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பக்கத்திலிருந்த கால்நடை மருத்துவர் நேர்மையானவர். "நான் நாய், பூனை பார்க்கிறவன். இதைப் பார்த்துப் பழக்கமில்லை" என்று கட்டணம் வாங்காமலே அனுப்பிவிட்டார். முயல், கிளி, ஆமை எல்லாம் பார்க்கிற ஒரு பெண் மருத்துவரைத் தென் தில்லியில் தேடிப் பிடித்தோம். அவர் முதலில் செய்த காரியம் முன்னியை நிறுத்துப் பார்த்தது. 540 கிராம். வளர்ந்த கினிப் பன்றி 700 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றார். முழங்கால் மூட்டுகளை விரல் நுனியால் தொட்டார். முன்னி அலறியது. வாயைத் திறந்து ஈறுகளைப் பார்த்தார். "ஸ்கர்வி" என்றார்.

பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, பல் ஆடி, மூட்டு இற்றுப்போகும் நோய். பச்சைக் காய், பழம் இல்லாததால் வருவது. பெரும்பாலான விலங்குகளுக்கு அந்தக் கவலை இல்லை. நாய், பூனை, பசு, எலி எல்லாம் வைட்டமின் சி-யைத் தங்கள் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. மனிதனால் முடியாது. கினிப் பன்றியாலும் முடியாது. இந்த ஒரு குறையில் நாமும் அதுவும் பங்காளிகள்.

அந்தப் பங்காளி உறவுக்கு அது கொடுத்த விலை பெரிது. 1907ல் நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாலுமிகளுக்கு வந்த இன்னொரு நோயை ஆராய்வதற்காகக் கினிப் பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தால் வரவில்லை. மனிதனின் ஸ்கர்வியை ஆராய ஒரு விலங்கு கிடைத்துவிட்டது. 1930களின் தொடக்கத்தில் ஹங்கேரியின் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி தான் பிரித்தெடுத்த பொருள் வைட்டமின் சி-தான் என்று உறுதிசெய்துகொண்டதும் கினிப் பன்றிகளைக் கொண்டுதான். 1937ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வகங்களில் வேண்டுமென்றே வரவழைத்த அதே நோயோடு எங்கள் கூடத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"ஸ்கர்வி சரியாகிவிடும். இப்போது ஆபத்து பட்டினிதான்" என்றார் மருத்துவர். கினிப் பன்றியின் குடல் ஓயாமல் ஓட வேண்டிய இயந்திரம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் குடல் நின்றுபோகும். காற்று அடைக்கும். பிறகு மீட்பது கடினம். எனவே ஒரு பட்டியல் போட்டுத் தந்தார். தினம் 50 மில்லிகிராம் வைட்டமின் சி. அதைக் குடிதண்ணீரில் கலந்தால் வீரியம் போய்விடும் என்பதால் நேராக வாயில் கொடுக்க வேண்டும். வலிக்கு ஒரு சொட்டு மருந்து. புல்லில் செய்த தீவன வில்லைகளை ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். இரவிலும்தான். கண்ணெதிரே எந்நேரமும் புல் கிடக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடை பார்க்க வேண்டும். புழுக்கையை எண்ண வேண்டும். புழுக்கை விழுந்தால் குடல் ஓடுகிறது என்று அர்த்தம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் மருந்து இருக்கும். நல்லது செய்வதாக நினைத்து யாராவது கொடுத்துவிடப் போகிறார்கள். செத்துவிடும்."

அன்று மட்டும் மருத்துவர், மருந்து, தீவனம் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆனது. மாலையில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். "புதுசா ஒண்ணு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குமேப்பா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வரவு செலவு தெரிந்தவர். அவர் கணக்கு சரிதான். அந்தக் கணக்குக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமல், "புதுசு வாங்கினாலும் இவளுக்குப் பசிக்கும்ல" என்றாள்.

அவள் போட்ட கோடுகள் ஐந்து பத்திகளாயின. நேரம், எடை, ஊட்டியது, மருந்து, புழுக்கை. முதல் வரியில் 540 என்று எழுதினாள்.

ஊட்டும் வேலையில் தலைமைப் பொறுப்பு எதிர்பாராத இடத்துக்குப் போனது. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து அம்மா வந்திருந்தார். எழுபதை நெருங்குகிறவர். முதல் நாள் கூண்டைப் பார்த்ததும், "பெருச்சாளியப் போய் நடுக்கூடத்துல வச்சுக் கொஞ்சுறீங்களே" என்றவர். முன்னியைத் துண்டில் சுற்றி, மருத்துவர் காட்டிய மாதிரி கடைவாய்ப் பக்கமாகச் சிரிஞ்சு நுனியை வைத்துத் துளித்துளியாக நான் கொடுத்துக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்தார். "இது பாலாடையில புகட்டுற மாதிரிதானே. குடு இப்படி" என்று மடியில் வாங்கிக்கொண்டார். முன்னங்கால் இரண்டையும் ஒரு கையில் அடக்கி, தலையைத் தாழாமல் உயராமல் பிடித்து, ஒரு சொட்டு விழுங்கும் வரை காத்திருந்து அடுத்த சொட்டு. நான் கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட அளவை அவர் பத்து நிமிஷத்தில் கொடுத்தார். துண்டில் ஒரு துளி சிந்தவில்லை.

"எங்கம்மா எங்கப்பாவுக்கு இப்படித்தான் மணி பாத்துக் குடுப்பாங்க" என்றார் பிறகு.

என் தாத்தாவுக்கு 1960களின் தொடக்கத்தில் காசநோய் வந்தது. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியம், இல்லாவிட்டால் மூலையில் தனிப் பாய், தனித் தம்ளர். 1956ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் அந்த வழக்கத்தை மாற்றியது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். நெரிசலான வீடுகள், போதாத சாப்பாடு. ஆனாலும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது. அதனால் வீட்டிலிருந்தே பிழைத்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். மருந்து தவறாமல் உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு மனுஷி இருந்தால் போதும். அந்த மனுஷி பாட்டி. எந்த மாத்திரையை எப்போது கொடுத்தோம் என்று சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பாராம்.

இரவு முறை எனக்கு. பதினொன்று, இரண்டு, ஐந்து மணிக்கு ஊட்ட வேண்டும். நடுவில் தூங்கி எழுவதைவிட விழித்திருந்து வேலை பார்ப்பது எளிது. அந்த ஜனவரியில் தில்லியில் வெப்பநிலை 2 டிகிரிக்கும் கீழே இறங்கியது. வெந்நீர் பாட்டிலைக் கம்பளித் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு, நானும் ஒரு கம்பளிக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

அமாக்ஸிசிலின் பற்றி மருத்துவர் சொன்னது மனதில் நின்றது. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் கினிப் பன்றியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, கெட்டவை பெருக இடம் கொடுத்துவிடுகின்றன. 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, நான்குக்கு மட்டும் பென்சிலின் கொடுத்தது. கொடுக்காத நான்கும் மறுநாளைக்குள் செத்தன. அன்று கையில் சுண்டெலிக்குப் பதில் கினிப் பன்றி இருந்திருந்தால், பென்சிலினை விஷம் என்று ஒதுக்கியிருக்கவும் கூடும். 1943ல்தான் அது கினிப் பன்றிக்கு ஆகாது என்று தெரியவந்தது. அதே கினிப் பன்றி ஸ்ட்ரெப்டோமைசின் விஷயத்தில் சரியான பதிலைச் சொன்னது. 1944ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபெல்ட்மன், ஹின்ஷா இருவரும் காசநோய் கண்ட கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் மனிதர்களுக்குக் கொடுக்கத் துணிந்தார்கள். சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த காசநோய்க் கிருமிகளுக்கும் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளுக்கும் வீரியம் ஒன்றா என்று பார்த்ததும் கினிப் பன்றிகளின் உடலில்தான். 1960ல் அந்த ஆய்வு வெளியானது. தாத்தா காலத்துச் சென்னைக்கும் முன்னியின் இனத்துக்கும் இப்படி ஒரு கடன் இருப்பது எனக்கு அந்த இரவுகளில்தான் தெரிந்தது.

அந்த வாரம் என் மேசையில் இருந்தது தடுப்பூசி பற்றிய ஒரு நீண்ட கட்டுரை. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க இந்தியாவிலேயே தயாரான முதல் தடுப்பூசி அந்த மாதம் வெளியாகவிருந்தது. கட்டுரை பழைய கதையையும் நினைவூட்டியது. 2009-10ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் பல ஆயிரம் சிறுமிகளுக்கு, ஒரு செயல்விளக்கத் திட்டத்தின் பெயரில், இதே நோய்க்கான வெளிநாட்டுத் தடுப்பூசி போடப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. தடுப்பூசி பயனுள்ளது என்பதில் மருத்துவ உலகுக்கு இன்று ஐயம் இல்லை. ஆனால் விசாரணையில் வேறொன்று வெளிப்பட்டது. கம்மத்தில் பெற்றோர் இட வேண்டிய கையெழுத்தைப் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் இட்டிருந்தார்கள். 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. கட்டுரை ஆசிரியர் அந்தச் சிறுமிகளைக் குறிக்க வழக்கமான சொல்லைத்தான் போட்டிருந்தார். கினி பிக்ஸ்.

கை 'சோதனை எலிகள்' என்று எழுதிவிட்டது. பக்கத்தில் முன்னி துண்டுக்குள் கிடந்தது. இரண்டு மணி ஆகிவிட்டிருந்தது.

முன்னியின் எடை இறங்கிக்கொண்டே வந்தது. 540, 533, 524. நான்காம் நாள் காலை 518. அன்று மாலை முதல் புழுக்கை இல்லை. வயிறு கெட்டியாக இருந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தோம். ஊட்டுவதை நிறுத்தாமல் அளவை மட்டும் குறைக்கும்படியும், வயிற்றை விரலால் மெதுவாக நீவிவிடும்படியும் சொன்னார். விடியும் வரை மாற்றமில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். மகளுக்கு மறுநாள் பள்ளி. போக மாட்டேன் என்று அழுதவளை அவள் அம்மா தூங்க வைத்தாள். கூடத்தில் நானும் அம்மாவும் முன்னியும் மட்டும்.

வேட்டையாடப்படும் இனம் வலியை வெளியே காட்டாது. காட்டினால் பருந்து பார்த்துவிடும். முன்னி கண்ணைத் திறந்தபடி அசையாமல் என் மடியில் இருந்தது. அதன் இதயம் நிமிஷத்துக்கு இருநூறு தடவைக்கு மேல் துடிப்பது. என் உள்ளங்கைக்கு அது துடிப்பாகக்கூடத் தெரியவில்லை, ஓர் இரைச்சலாகத்தான் இருந்தது. ஒரு மணிக்கு நீவினேன். இரண்டு மணிக்கு ஊட்டினேன். பாதி வெளியே வழிந்தது. அம்மா கந்த சஷ்டிக் கவசத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெருச்சாளி பிள்ளையாரின் வாகனம் அல்லவா, தம்பியிடம் முறையிடுகிறீர்களே என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நேரம், எடை, அளவு, மருந்து, கழிவு. யாராவது தெரியாதவர் பார்த்தால் ஆய்வகக் குறிப்பு என்றே நினைப்பார். 1907ல் நார்வேயில் எழுதிய குறிப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். அங்கேயும் கூண்டு உண்டு, தராசு உண்டு. அவர்கள் கொடூரமானவர்களும் இல்லை. அவர்கள் கண்டுபிடித்ததை வைத்துத்தான் தென் தில்லி மருத்துவர் ஐந்து நிமிஷத்தில் நோயைச் சொன்னார். பிறகு வித்தியாசம் எங்கே இருக்கிறது?

நண்பரின் ஆயிரம் ரூபாய்க் கணக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஆய்வகத்தில் ஒன்று செத்தால் அடுத்ததை வைத்துக் கணக்கை முடிக்கலாம். அங்கே தேவைப்படுவது விடை. எந்த விலங்கு அதைத் தந்தது என்பது முக்கியமில்லை. எங்கள் நோட்டில் விடை என்று எதுவுமே இல்லை. 518 என்ற எண்ணால் மருத்துவத்துக்கு ஒரு பயனும் கிடையாது. அந்த எண் முன்னியைப் பற்றி மட்டுமே பேசியது. கம்மத்துச் சிறுமிகளுக்கு நேர்ந்ததும் இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஊசி போட்டது பிழையில்லை. ஒவ்வொரு சிறுமிக்கும் ஒரு வீடும், கேட்க வேண்டிய ஓர் அப்பா அம்மாவும் இருப்பதை மறந்து, மொத்தத்தில் ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டதுதான் பிழை. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் என்று ஆக்கிவிடுவதைத்தான் நாம் அந்தச் சொல்லால் குறிக்கிறோம்.

நம் சட்டமும் இந்தச் சங்கடத்தைத் தாண்டிப் போகவில்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960ல் அரசின் சட்டமாக வடிவெடுத்தது. அதே சட்டத்தில் சோதனைகள் பற்றிய பிரிவு ஒன்று உண்டு. சிறிய விலங்குகளை வைத்தே முடிவு கிடைக்குமானால் பெரிய விலங்குகளைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. சிறிய விலங்குகளுக்கு உதாரணமாக அது சொல்லும் முதல் பெயர் கினிப் பன்றி. பிறகு முயல், தவளை, எலி. இரக்கத்துக்கும் ஒரு வரிசை தேவைப்பட்டிருக்கிறது. 2014ல் அழகுசாதனப் பொருட்களை விலங்குகளில் சோதிப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2023 மார்ச்சில், புதிய மருந்துகளுக்கு விலங்கில்லாத சோதனை முறைகளையும் ஏற்கும்படி விதிகள் திருத்தப்பட்டன. வரிசை மெதுவாகக் கரைகிறது.

மூன்றரை மணிக்கு அம்மா, "டேய், இங்க பாரு" என்றார். துண்டில் எட்டுப் புழுக்கைகள். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியவை, காய்ந்து கறுத்தவை. முதுகலைத் தமிழ் படித்தவன், மகிழ்ச்சிக்குத் தமிழில் எத்தனை சொல் உண்டு என்று வகுப்பெடுக்கக் கூடியவன், எலிப் புழுக்கையை விளக்கு வெளிச்சத்தில் வைத்து எண்ணினேன். இரண்டாம் முறையும் எண்ணினேன். எட்டுதான். நோட்டில் எழுதினேன். ஐந்து மணிக்கு ஊட்டியதில் ஒரு சொட்டும் வழியவில்லை.

காலையில் எடை 518. ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மறுநாள் 523. ஆறாம் நாள் முன்னி தானாகவே ஓர் அறுகம்புல்லை இழுத்து மென்றது. அறுகம்புல்லை இங்கே 'தூப்' என்கிறார்கள். சரோஜினி நகர்ச் சந்தையில் பூக்காரர்கள் பிள்ளையார் பூஜைக்காகக் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். தினமும் இரண்டு கட்டு வாங்கியதால், என்னைப் பெரிய பிள்ளையார் பக்தன் என்று எண்ணிப் பூக்காரப் பெண்மணி ஒரு செம்பருத்தியைச் சும்மா தருவார். குடைமிளகாய்த் துண்டு, அலகாபாத் கொய்யாவில் ஒரு கீற்று, கொத்தமல்லி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் 541. வந்த எடைக்கு மேல் ஒரு கிராம். அன்று மாலை மனைவி அலுவலகத்திலிருந்து ரசமலாய் வாங்கி வந்தாள்.

பதினாறாம் நாள் சிரிஞ்சை நிறுத்தினோம். பின்னங்கால் நேரானது. பிப்ரவரி நடுவில் ஒரு காலை, குளிர்பெட்டிக் கதவைத் திறந்ததும் கூடத்திலிருந்து நீளமாக ஒரு விசில் சத்தம் கேட்டது. கொத்தமல்லி அங்கேதான் இருக்கிறது என்று முன்னி கண்டுபிடித்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ரகசியமாகத் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்க முடிவதில்லை. சில மாலைகளில் நின்ற இடத்திலிருந்தே துள்ளிக் குதிக்கும். மூட்டுவலி இருந்த பிராணி அது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தடுப்பூசிக் கட்டுரையில் அந்த ஒரு சொல்லை மாற்றினேன். "ஒப்புதல் கேட்கப்படாத சிறுமிகள்" என்று எழுதினேன். நீளம்தான். பக்கம் தயாரிப்பவர் தொலைபேசியில், "சோதனை எலின்னா ஒரே வரியில அடங்கிடுமே சார்" என்றார். தலைப்பில் ஒரு சொல்லைக் குறைத்து இடம் பண்ணிக் கொடுத்தேன். வழக்குச் சொல்லை ஒரு மொழிபெயர்ப்பாளன் மாற்றிவிட முடியாது. நாளையே இன்னொரு தலைவர் கேட்பார், நானும் எழுதுவேன். அந்தக் கட்டுரைக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அம்மா மார்ச்சில் ஊருக்குத் திரும்பும்போது கூண்டருகே உட்கார்ந்து, "வரட்டுமா முன்னி?" என்று விடைபெற்றார். இப்போது தொலைபேசியில் பேத்தியின் மதிப்பெண்ணுக்கு அடுத்து அவர் விசாரிப்பது முன்னியைத்தான்.

நோட்டுப் புத்தகம் நிறைந்து இரண்டாவது நோட்டு ஓடுகிறது. இப்போது ஐந்து பத்திகள் தேவையில்லை. தேதியும் எடையும் போதும். ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து மகள் முன்னியை அதில் உட்கார்த்துகிறாள். போன ஞாயிறு 872 கிராம். எண் அசையாமல் நின்றதும் அதைக் குவாஹாட்டிக்கு அனுப்புகிறாள். சற்று தாமதமானால் அங்கிருந்தே அழைப்பு வந்துவிடும். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. பையன் ஒரே ஒரு சொல்தான் கேட்பான்: "கித்னா?"